பெல்ட் கழற்றிய பிறகு

“பெயரைச் சொல்லு.”

“பஸ்தியாம்பிள்ளை.”

டோர்ச்சின் அடிப்பக்கம் வாயில் இறங்கியது. ஒரு முழ நீள இரும்பு டோர்ச். உள்ளே நாலு தடித்த பற்றரி. இரண்டு முன்பற்கள் குப்பைத்தொட்டிகளுக்கு இடையே உறைந்து கிடந்த பனியில் விழுந்தன.

“உண்மையான பெயரைச் சொல்லு.”

“பஸ்தியாம்பிள்ளை, சேர்.”

அடுத்த அடி இடது கண்ணில்.

உண்மையான பஸ்தியாம்பிள்ளை அந்த நேரம் லண்டனின் மிச்சம் பகுதியில், ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டறை வீட்டில், இடுப்பு நாரி பிடித்துப்போய்ப் பாயில் மல்லாந்து கிடந்தார். அடி வாங்கிக்கொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன் சூசைதாசன். வயது இருபத்தாறு. லண்டனுக்கு வந்து நாலு மாதம். அகதி விண்ணப்பம் கொடுத்தவன் வேலை செய்ய ஆறு மாதம் முடியவேண்டும். அத்தான் குப்பை அள்ளப் போகாவிட்டால் வேலை போய்விடும். ஆகவே அத்தானின் அடையாள அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு இவன் போனான்.

எங்கள் ஆட்களிடையே இது களவு என்று யாரும் நினைப்பதில்லை. ஒருவருக்கு வருத்தம் என்றால் இன்னொருவர் போய் அந்தப் பெயரில் நிற்பார். பெயர் வேலை செய்யும், உடம்புதான் மாறும். பெற்றோல் நிலையத்தில் அப்படி, துப்புரவு வேலையில் அப்படி. ஹேஸல்கோட் படைமுகாமிலும் அப்படித்தான் என்று எமில்டா நினைத்துவிட்டாள். பஸ்தியாம்பிள்ளையின் மனைவி, சூசைதாசனின் அக்கா. மூன்று வருடமாக அந்த முகாமின் கன்ரீனில் பாத்திரம் கழுவுகிறவள்.

“படத்தில மீசை இருக்கு. தம்பிக்கு மீசை இல்லையே” என்று பஸ்தியாம்பிள்ளை படுத்தபடியே கேட்டார்.

“மூண்டு நாளில வளரும்.”

“கன்னத்து மறு?”

“உங்கட மறுவை ஆரப்பா பாக்கப்போறான்? நான் கலியாணம் கட்டி அஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் கண்டனான். அவங்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்.”

பத்தொன்பது நாட்கள் அது சரியாகத்தான் நடந்தது.

ஹேஸல்கோட் முகாமின் வாசலில் பிரிட்டிஷ் விமானப்படையின் பலகை; பிரிட்டிஷ் கொடி. பலகைக்குப் பின்னால் எல்லாம் அமெரிக்கா. பிரிட்டிஷ்காரர் என்று உள்ளே ஓர் அதிகாரி மட்டும் இருந்தார். அவருக்கு ஓர் அறையும் ஒரு கிழட்டு நாயும். வெளிக்கதவில் பிரையன் என்ற ஆங்கிலேயப் பொலிஸ்காரன். அவனைத் தாண்டி இருபது அடியில் அமெரிக்கக் காவல். அதற்குமேல் சார்ஜன்ட்கள், கப்டன்கள், எல்லோருக்கும் மேலே ஒரு கேணல். இங்கிலாந்தின் மற்ற முகாம்களிலிருந்த அமெரிக்கப் படைகளுக்கு எது எப்போது போகவேண்டும் என்று இங்கிருந்துதான் ஓலை போகும்.

எமில்டாவுக்கு இந்த அடுக்கெல்லாம் தட்டுகளின் வழியாகத் தெரியும். யாருடைய தட்டு எத்தனை மணிக்கு, யாருக்குப் பீங்கான், யாருக்குப் பிளாஸ்டிக். காவல்காரர் மாறுவது பகல் இரண்டு மணிக்கு. மாறுகிறவன் ஆயுத அறையின் யன்னலில் துவக்கையும் பெல்ட்டையும் கொடுத்துக் கையெழுத்து வைப்பான். அதன்பிறகுதான் கன்ரீனின் பின்கதவுக்கு வரலாம். ஆயுதத்தோடு குசினிக்குள் வரக்கூடாது என்று கதவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. பெல்ட் கழற்றினவனுக்குக் கோப்பி. பெல்ட் போட்டவனுக்கு இல்லை. அந்த மூன்று வருடத்தில் எமில்டா எழுதாமல் படித்த சட்டம் அது ஒன்றுதான்.

கிழட்டுப் பிரையனுக்கு ஆள்மாற்றம் முதல் நாளே தெரிந்துவிட்டது.

“பஸ்தி, இந்தக் கிழமை பத்து வயது குறைந்துவிட்டாய். என்ன சாப்பிடுகிறாய்?”

சூசைதாசன் பல்லைக் காட்டினான். எமில்டா அடுத்த நாள் இரண்டு மீன் ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரையன் அதன்பிறகு வயதைப்பற்றிப் பேசவில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம் வளைகுடாவில் யுத்தம் தொடங்கியது. முகாமில் மண்மூட்டை அடுக்கினார்கள். பிழையான முகத்தை உள்ளே விட்டவன் எவனாயிருந்தாலும் அவனுடைய பதவிப் பட்டியை உரிப்பேன் என்று கேணல் சொன்னதாகக் கதை. ஆறாம் நாள், இரண்டு மணிக்கு வேலை முடிந்த சார்ஜன்ட் ஹட்லி துவக்கையும் பெல்ட்டையும் கொடுத்துவிட்டுப் பின்கதவுக்கு வந்தான். எமில்டா கோப்பி கொடுத்தாள். இரண்டு சீனி. அவன் வாயில் வைத்தபோது சூசைதாசன் குப்பைப் பையோடு பக்கத்தால் போனான்.

ஹட்லி அட்டையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். திரும்பவும் அட்டையைப் பார்த்தான்.

பத்தொன்பது நாட்களில் பதினொரு நாள் வாசலில் நின்று இந்த முகத்தை உள்ளே விட்டவன் அவன்தான்.

கோப்பியைப் படியில் வைத்தான். சூசைதாசனின் பின்கழுத்தைப் பிடித்துக் குப்பை முற்றத்துக்குள் இழுத்துக்கொண்டு போனான். மதிலால் மறைந்த இடம் அது. டோர்ச் மட்டும் கையில் இருந்தது. அது அவனுடைய சொந்த டோர்ச், யன்னலில் கொடுக்கவேண்டியதில்லை.

எமில்டா அப்போது உருளைக்கிழங்கு அவித்த பெரிய பானையை இரண்டு கைபிடியிலும் தூக்கி, முற்றத்து வடிகானில் கொதிநீர் ஊற்றப் போய்க்கொண்டிருந்தாள்.

“பெயர்?”

“பஸ்தியாம்பிள்ளை.”

ஹட்லி அவனுடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தான். சூசைதாசன் கை தூக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் விரித்து வைத்திருந்தான், ஊரில் பழகினது. கையில் ஒன்றுமில்லை என்று காட்டினால் சுடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. முகம் திறந்து கிடந்தது. டோர்ச் அந்த முகத்தில் இறங்கி ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம்.

“சேர்! சேர்! மை பிரதர்!”

ஹட்லி திரும்பவில்லை.

“சேர், ஸ்டொப்!”

இடது கண் இருந்த இடத்தில் இரத்தம் குமிழிட்டது. ஹட்லி டோர்ச்சை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான்.

எமில்டா பானையைக் கவிழ்த்தாள். வலது விலாவிலிருந்து தொடைவரை கொதிநீர் இறங்கியது. ஹட்லியிடமிருந்து வந்தது மனிதச் சத்தமில்லை. உருண்டான். சட்டையைக் கிழித்தான், சட்டையோடு தோலும் வந்தது. எமில்டாவின் மணிக்கூடு கட்டிய இடது மணிக்கட்டிலும் தண்ணீர் தெறித்தது. அவள் அதை அன்றிரவுதான் கண்டாள்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். சீருடை, சீருடை, சீருடை. ஒரு கப்டன் கத்தினான்.

“யார் செய்தது இதை?”

எமில்டாவின் தகப்பனிடம் ஐந்து வருடத்துக்கு முன் மன்னாரில் ஆமிக்காரர் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள். வீட்டு வாசலில், காலமை ஏழு மணிக்கு. “ஆர் இயக்கப் பெடியளுக்குச் சோறு குடுத்தது?” தகப்பன் “நான்” என்றார். “நான், பிள்ளையள் இல்லை” என்று சொல்ல வந்தவர். இரண்டாவது சொல் வரமுதல் சுட்டுவிட்டார்கள். சோற்றுப்பானையோடு நின்ற எமில்டாவின் சட்டையெல்லாம் இரத்தம். சீருடைக்கு முன்னால் ‘நான்’ என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு அந்த வீடு படித்த பாடம்.

“யார் செய்தது?”

“பொட் ஸ்லிப், சேர்” என்றாள் எமில்டா. “பானை வழுக்கிப்போட்டுது.”

ஆஸ்பத்திரியில் வந்து கேட்ட லண்டன் பொலிசுக்கும் அதையே சொன்னாள். எங்கே வழுக்கியது என்று கேட்டான் பொலிஸ்காரன். முற்றம் என்று சொன்னால் அடிபட்ட இடம். பயத்தில் குசினி என்றாள்.

“அடித்த நேரமா, அதற்குப் பிறகா?”

“பிறகு.”

கையெழுத்தும் வைத்தாள்.

மூன்றாம் கிழமை யேசுரட்ணம் மிச்சத்து வீட்டுக்கு வந்தார். மன்னார் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவர். இங்கே ஒரு சொலிசிற்றர் வழக்கறிஞரின் கந்தோரில் தமிழ் வழக்குகளுக்குக் கடதாசி தூக்குகிறார். சூசைதாசன் இடது கண்ணில் பஞ்சு கட்டியபடி சோபாவில் இருந்தான். அந்தக் கண் போய்விட்டது. கீழே பாயில் பஸ்தியாம்பிள்ளை.

“ஹட்லியை லண்டன் கோட்டில நீதவானுக்கு முன்னால நிப்பாட்டலாம் எண்டுதான் பொலிஸ் நினைச்சது” என்றார் யேசுரட்ணம். “இப்ப கேணல் ஒரு கடிதம் குடுத்திருக்கிறார்.”

“என்ன கடிதம்?” என்றாள் எமில்டா.

“ஹட்லி அடிக்கேக்க கடமையில இருந்தவன் எண்டு. கடமையில செய்தால் அது அமெரிக்காக்காரன்ர கோட்டுக்குப் போகும். கடமை முடிஞ்சு செய்தால் இஞ்சத்தைக் கோட்டு. முகாமுக்க நடந்ததோ வெளிய நடந்ததோ எண்டது பெரிய கதை இல்லை, பிள்ளை. வேலையில இருந்தவனோ, முடிச்சவனோ, அதுதான் கதை.”

“அவன் முடிச்சவன்! நானெல்லோ கோப்பி குடுத்தனான்.”

“அவங்கள் சொல்லுறதைக் கேள். ரெண்டு மணிக்கு முதல், கடமையில, பிழையான அட்டையோட நிண்டவனைப் பிடிச்சவன். ஆள் முரண்டு பிடிச்சதால அடிபட்டது. பிறகு யன்னலில பெல்ட்டைக் குடுத்துப்போட்டுக் கோப்பி குடிக்கக் குசினிக்கு வந்தான். அங்க பானை வழுக்கிப்போட்டுது. பொலிசுக்கு நீ சொன்ன கதையும் அதுதானே. உன்ர கையெழுத்திலதான் அவங்கட கடிதம் நிக்குது.”



“அவங்கட கோட்டில என்ன குடுப்பாங்கள்?” என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டார்.

“ஒரு பட்டியை உரிஞ்சு ஊருக்கு அனுப்புவாங்கள்.”

“என்ர கண்ணுக்கு ஒரு பட்டி” என்றான் சூசைதாசன். “அரைப் பட்டி எண்டால் அவமானமாப் போயிருக்கும்.”

அடுத்த நாள் பின்னேரம் முகாமின் சட்ட அதிகாரி வந்தாள். கப்டன் மார்ஷ். ஒல்லியான, இருமல் பிடித்த பெண். ஒரு குலை முந்திரிகைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். யேசுரட்ணம் மொழிபெயர்த்தார்.

“உங்கள் தம்பிக்கு நடந்தது சரியல்ல. எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சால் ஏன் கடிதம் எழுதினவை எண்டு கேளுங்கோ, அண்ணை.”

“கடிதத்தைக் கேணல் எழுதினார். யுத்த காலம். எங்கள் ஆட்களை நாங்களே விசாரிப்போம்.” கப்டன் எமில்டாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். “சார்ஜன்டின் காயம் மிக மோசம். நீங்கள் தவறுதலாக நடந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். நாங்களும் முறைப்பாடு கொடுக்கவில்லை. உங்கள் தம்பி அனுமதியில்லாமல் வேலை செய்ததைப்பற்றி உள்நாட்டு அமைச்சுக்கு எழுதவும் இல்லை.”

“எழுதேல்லையோ, எழுதமாட்டினமோ?”

யேசுரட்ணம் கேட்டார். கப்டன் கொஞ்சம் இருமினாள்.

“கதை மாறாதவரை எழுதமாட்டோம்.”

அவள் போனபிறகு முந்திரிகைப்பழத்தை யாரும் தொடவில்லை.

“வாயை மூடிக்கொண்டிரும்” என்றார் பஸ்தியாம்பிள்ளை. “நீர் ஊத்தினனான் எண்டு சொன்னால் உம்மை உள்ள போடுவாங்கள். இவனைப் பிளேன் ஏத்துவாங்கள். கண் திரும்பி வருமோ?”

“வராது.”

“பிறகென்ன?”

“தம்பி, நீ சொல்லு” என்றாள் எமில்டா.

“என்னட்டைக் கேளாதேங்கோ, அக்கா. எனக்கு மூளை இருந்தால் முதல் அடியோட என்ர பேரைச் சொல்லியிருப்பன். அத்தான்ர வேலை போயிடும் எண்டுதான் அந்த நேரமும் யோசிச்சனான். அதுக்குள்ள அத்தான்ர பேர் வேற இந்த நீளம். சொல்லி முடிக்க முதல் ரெண்டு அடி கூட விழுது.”

பஸ்தியாம்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பில்லை.

யேசுரட்ணம் கடதாசிக் கட்டை அவிழ்த்தார். கேணலின் கடிதத்தோடு வந்த முகாம் வைத்தியரின் அறிக்கையில் ஒரு மனித உடம்பு கோட்டால் கீறியிருந்தது. வெந்த இடத்தைக் கறுப்பாக அடித்திருந்தார்கள். வலது விலாவிலிருந்து இடுப்பைத் தாண்டித் தொடைவரை ஒரே கறுப்பு.

எமில்டா அதைக் கன நேரம் பார்த்தாள். பிறகு தன் மணிக்கூட்டைக் கழற்றினாள். மணிக்கட்டு வெந்து தோல் உரிந்து சிவப்பாயிருந்தது. மணிக்கூட்டுப் பட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் பழைய தோல். சின்னக் காயமும் இல்லை.

“அண்ணை, இஞ்ச பாருங்கோ. தோல்பட்டிக்குக் கீழ வேகாது.”

யேசுரட்ணம் மணிக்கட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

“காவல்காரன்ர பெல்ட் எவ்வளவு அகலம்?”

“நாலு விரல். துவக்குப் பை இன்னும் பெரிசு. வலப்பக்கம்தான் தொங்கும்.”

“இடுப்பில இடைவெளி இல்லை” என்றார் யேசுரட்ணம் மெல்ல. “பெல்ட் இல்லை.” பிறகு தலையை ஆட்டினார். “ஆனால் அவங்களும் அதைத்தானே சொல்லுறாங்கள். பெல்ட்டைக் குடுத்துப்போட்டு வந்தாப் பிறகுதான் பானை வழுக்கினது எண்டு.”

“பிறகு இல்லை அண்ணை. அடிச்சுக்கொண்டிருக்கேக்க.”

“அதை நீ சொல்லவேணும், பிள்ளை. வழுக்கேல்லை, ஊத்தினனான் எண்டும் சொல்லவேணும். நெஞ்சில ஏறி இருக்கிறவன்ர விலாவில பானை வழுக்கி விழாது.”

“சொன்னால்?”

“அவனை அமெரிக்காவுக்கு விடாமல் இஞ்ச மறிப்பாங்கள். உன்னையும் உள்ள போட்டு மறிப்பாங்கள்.”

பங்குனி மாதம், நீதவான் நீதிமன்றம். ஹட்லி கழுத்துவரை பொத்தான் போட்ட சீருடையில் நேராக நின்றான். இருக்கச் சொன்னபோது மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தான். எமில்டா அந்தச் சாய்வைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் பக்கத்தில் கப்டன் மார்ஷ். பின்வாங்கில் சூசைதாசன், பக்கத்தில் பிரம்பு ஊன்றி பஸ்தியாம்பிள்ளை.

மொழிபெயர்க்க ராஜலட்சுமி என்ற சென்னைப் பெண் வந்திருந்தார்.

“பதட்டப்படாதீங்கம்மா. மெதுவா சொல்லுங்க. உங்க தமிழ் எனக்குக் கொஞ்சம் வேகம்.”

“ஓம். மெதுவாச் சொல்லுறன்.”

கேணலின் கடிதம் வாசிக்கப்பட்டது. எதிரான ஆதாரம் இல்லாவிட்டால் அதை ஏற்கவேண்டும் என்றார் ஹட்லியின் வழக்கறிஞர். அரசுத்தரப்பில் ஓர் இளம்பெடியன் எழும்பினான். டை கோணியிருந்தது.

“கன்ரீனின் பின்கதவில் சார்ஜன்டுக்கு என்ன கொடுத்தீர்கள்?”

“கோப்பி.”

“பெல்ட் அணிந்திருந்தாரா?”

“இல்லை. பெல்ட் போட்ட ஆளுக்கு நாங்கள் குடுக்கிறேல்லை.”

“அது தாக்குதலுக்கு முன்னரா, பின்னரா?”

“முதல். கோப்பியைப் படியில வைச்சுப்போட்டுத்தான் தம்பியை இழுத்துக்கொண்டு போனவன்.”

ஹட்லியின் வழக்கறிஞர் எழும்பினார். “ஆனால் பொலிசுக்கு வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள். அடி முடிந்தபிறகு, குசினியில், பானை வழுக்கியது. இது உங்கள் கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

“அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா?”

“அண்டைக்கு.”

“அப்படியானால் கொதிநீர் எப்படி அவர்மேல் விழுந்தது?”

நீதவான் கையை உயர்த்தினார். வயதான பெண், மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில்.

“பொறுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் உங்கள்மேல் குற்றம் வரலாம். பதில் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. விளங்குகிறதா?”

ராஜலட்சுமி அதை இரண்டுமுறை சொன்னார். எமில்டா நீதவானைப் பார்த்தாள்; வாசலில் நின்ற பொலிஸ்காரனைப் பார்த்தாள்; கப்டனின் சீருடையைப் பார்த்தாள். தகப்பனின் வாசலும் இரத்தம் தெறித்த சோறும் கண்ணுக்குள் வந்து நின்றன.

ராஜலட்சுமி குனிந்து, “வேண்டாம்னா சும்மா இருக்கலாம்மா” என்றார்.

எமில்டா அவரைக் கையால் தடுத்தாள்.

“நோ ஸ்லிப்” என்றாள் நீதவானிடம். “ஐ த்ரோ. ஹி சிற்றிங் ஒன் மை பிரதர், ஹிட்டிங். நோ பெல்ட். ஐ த்ரோ.”

பிறகு தமிழில், “நான்தான் ஊத்தினனான். அவன் நிப்பாட்டியிருந்தால் வடிகானில ஊத்தியிருப்பன்” என்றாள்.

இளம்பெடியன் வைத்தியரின் படத்தை நீதவானிடம் கொடுத்தான். எமில்டா மணிக்கூட்டைக் கழற்றி, இடது கையை நீட்டிப் பிடித்தாள். புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. நடுவில் கறுப்பாக அந்த ஒரு விரல் அகலம். நீதவான் எட்டிப் பார்த்தார். படத்தை மறுபடி பார்த்தார். ஹட்லி தன் வலது இடுப்பில் கை வைத்தான்; வைத்தது தெரிந்ததும் எடுத்துவிட்டான்.

இருபது நிமிடம் கழித்து நீதவான் திரும்பி வந்தார். கடிதத்துக்கு எதிரான ஆதாரம் இருக்கிறது. சார்ஜன்ட் ஹட்லி கடமை முடித்தவர். வழக்கு இந்த நாட்டு நீதிமன்றத்திலேயே நடக்கும். கப்டன் மார்ஷ் கடதாசிக் கோப்பை மூடினாள். போகும்போது எமில்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். இருமிவிட்டுப் போனாள்.

வெளியே கொரிடோரில் ஒரு துப்பறியும் பொலிஸ்காரன் காத்து நின்றான். சீருடை இல்லை, மழைக்கோட்டு. யேசுரட்ணம் முன்னால் போய் நின்றார்.

“சொலிசிற்றர் வாறார். அதுவரைக்கும் ஒண்டும் கதையாத, பிள்ளை. தற்காப்பு எண்டு நாங்கள் வாதாடலாம். கதையாத.”

“எத்தினை வருசம், அண்ணை?”

“தெரியாது. பொய் சொல்லமாட்டன்.”

“தம்பியை ஊருக்கு அனுப்புவாங்களோ?”

“வழக்கு முடியுமட்டும் ஏலாது. இவன்தானே முதல் சாட்சி. பிறகு பாப்பம்.”

பஸ்தியாம்பிள்ளை பிரம்பை ஊன்றி வந்தார்.

“ஏனப்பா, நாரி நோகுதே?” என்றாள் எமில்டா.

“உம்மட வாய்தான்...” பிரம்பை மறுகைக்கு மாற்றினார். “நோவுக்குக் குளிசை போட்டனான். நீர் யோசியாதேயும்.”

எமில்டா மணிக்கூட்டைச் சூசைதாசனின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா.”

“என்னடா?”

“அங்க பேர் கேப்பாங்கள். உங்கட பேரைச் சொல்லுங்கோ. அத்தான்ர பேரைச் சொல்லிப்போடாதேங்கோ.”

“போடா விசரா.”

மழைக்கோட்டுக்காரன் சிறிய குறிப்புக் கொப்பியை விரித்தான்.

“உங்கள் பெயர்?”

எமில்டா முழுப்பெயரையும் சொன்னாள். அவனால் எழுத முடியவில்லை. எழுத்து எழுத்தாக, அவன் எழுதி முடிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னாள்.